100ல் 90 பேர் குணமா? யாரோடு ஒப்பிட்டு?

1/ போன வாரம் ஓபியில் ஒரு அம்மா. கணவருக்குப் பக்கவாதம் வந்து 20 நாள். கையில் ஒரு நோட்டீஸ்: "எங்கள் சிகிச்சையில் 100க்கு 90 பேர் முன்னேற்றம்." "செயினை அடகு வச்சுப் பணம் கட்டிடவா டாக்டர்?"னு கேட்டாங்க.

2/ நான் தேடினது இன்னொரு நம்பரை. அந்தச் சிகிச்சை எடுக்காதவங்கள்ல எத்தனை பேர் முன்னேறினாங்க? நோட்டீஸில் அது இல்லை.

3/ பக்கவாதம் வந்த முதல் சில மாதங்களில் நிறைய பேருக்கு மூளை தானாகவே ஓரளவு மீளும். அந்த நேரத்தில் எண்ணெய், ஊசி, மெஷின்னு எதைக் கொடுத்தாலும் அதனாலதான் சரியாச்சுன்னு தோணும். காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதைதான்.

4/ நம்ம நாட்டு உதாரணமே இருக்கு. 'அட்டெண்ட்' ஆய்வு. இந்தியாவில் 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். குலுக்கல் முறையில் இரண்டு குழு. ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொன்றுக்கு அதோடு சேர்த்து, குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டிலேயே மறுவாழ்வுப் பயிற்சி.

5/ 6 மாதம் கழித்து, பயிற்சிக் குழுவில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் சேர்த்து 47%. மீதி 53% பேர் தன் வேலையைத் தானே பார்த்தாங்க. இதை மட்டும் போட்டா அருமையான விளம்பரம்! ஆனா மற்ற குழுவிலும் அதே 47%தான். 2017ல் லான்செட் இதழில் அப்படியே வெளியிட்டாங்க.

6/ பிசியோதெரபி வேஸ்ட்னு இதுக்கு அர்த்தம் இல்லைங்க. வழக்கமான சிகிச்சை இரண்டு குழுவுக்கும் உண்டு. கூடுதலாகச் சேர்த்தது கூடுதல் பலன் தரலை, அவ்வளவுதான். ஒப்பீட்டுக் குழு இல்லாம இருந்தா, வீட்டுல கவனிக்கிற பெண்கள் தலையில இன்னொரு சுமையை ஏற்றியிருப்போம்.

7/ அதனால பணம் கட்டும் முன் மூணு கேள்வி கேளுங்க:
✅ யாரோடு ஒப்பிட்டீங்க?
✅ பாதியில் நின்னவங்களும் கணக்கில் இருக்காங்களா?
✅ "முன்னேற்றம்"னா என்ன? ஸ்கோர்ல இரண்டு பாயிண்டா, இல்ல தானே சாப்பிட்டு, தானே பாத்ரூம் போறதா?
பதில் வரலைன்னா பர்ஸைத் திறக்காதீங்க.

8/ அந்த அம்மாகிட்ட சொன்னது: "செயின் கழுத்துலயே இருக்கட்டும்மா. பிரஷர், சுகர் மாத்திரையை நிறுத்தாதீங்க. இங்க பிசியோதெரபி இலவசம். நாளைக்கு அவரைக் கூட்டிட்டு வாங்க."

வந்தாங்க. நடக்கிறதுக்கு நாளாகும். அதையும் மறைக்காம சொல்லியிருக்கேன்.