அன்பு எந்த லெட்ஜரில் வரும்?

தீபாவளிக்கு முதல் நாள் காலையிலிருந்தே செல்போன் சும்மா இருப்பதில்லை. வங்கி வாழ்த்துகிறது. நகைக்கடை வாழ்த்துகிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை செருப்பு வாங்கிய கடை, 'அன்பார்ந்த வாடிக்கையாளரே, தங்கள் இல்லத்தில் ஒளி பெருகட்டும்' என்கிறது. பல் ஆஸ்பத்திரிகூட விடுவதில்லை, இனிப்பு உண்டு மகிழச் சொல்கிறது. (அவர்களுக்காவது அதில் நேரடி லாபம் இருக்கிறது :-))

பி.காம். பாடத்தில் இதற்குப் பெயர் கஸ்டமர் ரிலேஷன்ஷிப் மேனேஜ்மென்ட். அதாவது உறவை மேனேஜ் பண்ணுவது. சம்பந்தி வீட்டு உறவையே மேனேஜ் பண்ணத் திணறும் ஊரில், நாலு லட்சம் பேரோடு ஒரே பட்டனில் உறவு வைத்துக்கொள்கிறார்களாம்.

இந்தப் பாடத்துக்கு வாத்தியார்கள் தவறாமல் சொல்லும் உதாரணம் ஜோ ஜிரார்டு. அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கம் ஷெவர்லே கார் விற்றவர். 1963-லிருந்து 1978 வரை 13,001 கார்களை விற்றுக் கின்னஸில் இடம் பிடித்தவர். கார் வாங்கிய ஒவ்வொருவருக்கும் மாதம் ஒரு வாழ்த்து அட்டை அனுப்புவார். 'உங்களை எனக்குப் பிடிக்கும்' என்பதுதான் அதில் இருக்கும் செய்தி. ஆகவே மாணவர்களே, வாழ்த்து அனுப்பினால் வியாபாரம் பெருகும்... பாடம் முடிந்தது, மணி அடித்தாகிவிட்டது.

சொல்லாமல் விடுவது எது தெரியுமா? விற்ற கார் மக்கர் பண்ணித் திரும்பி வந்தால் ஜிரார்டு ஓடி ஒளியவில்லை. சர்வீஸ் பிரிவில் வேலை செய்பவர்களைத் தன் செலவில் கவனித்து, தன்னிடம் வாங்கியவரின் வண்டி முதலில் சரியாகும்படி பார்த்துக்கொண்டார். அட்டைக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தார், கூப்பிட்டால் வந்தார். அட்டையும் வியாபாரத் தந்திரம்தான், மறுப்பதற்கில்லை. விளம்பரம் என்று பிரிக்காமலே குப்பையில் போட்டுவிடக் கூடாது என்பதற்காக மாதா மாதம் உறையின் நிறத்தையும் அளவையும் மாற்றிய மனிதர் அவர்! ஆனால் அந்தத் தந்திரத்துக்குக் காசும் உழைப்பும் கொடுத்தார்.

இன்றைய கம்பெனிகள் ஜிரார்டின் அட்டையை எடுத்துக்கொண்டு ஆளைக் கழித்துவிட்டன. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-ல் எழுதிய ஒரு கட்டுரைக்கும் அதைத் தொடர்ந்த ஆய்வுகளுக்கும் 2001-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. அவர் சொன்னதன் சாரம், எல்லோராலும் சுலபமாகச் செய்ய முடிகிற காரியம் யாரைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை என்பது. கடையில் நின்று பொங்கல் அட்டை பொறுக்கி, பெயர் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியபோது, 'உன் பெயரை நினைத்து இவ்வளவு நேரம் செலவழித்தேன்' என்ற தகவல் அதில் இருந்தது. மொத்தமாக ஏவிவிடும் குறுஞ்செய்தியில் இருக்கும் தகவல் ஒன்றுதான். உன் நம்பர் எங்களிடம் இருக்கிறது!

அந்த நம்பர் எப்படிப் போனது? பில் கவுன்டரில் 'ஃபோன் நம்பர் சொல்லுங்க சார்' என்று கேட்பார்கள். பின்னால் வரிசை நிற்கும், சொல்லித் தொலைப்போம். நம்பர் கொடுத்தால்தான் பில் போடுவோம் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே கடைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. வங்கி விஷயம் இன்னும் வேடிக்கை. கே.ஒய்.சி.க்காகக் கொடுத்த பிறந்த தேதியை வைத்து ஹேப்பி பர்த்டே பாடுகிறார்கள். பீரோ சாவியை நம்பிக் கொடுத்தால், உள்ளே இருக்கும் பட்டுப்புடவை நன்றாக இருக்கிறதே என்று பாராட்டுவது மாதிரி.

இதையெல்லாம்கூடச் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாத இடம் ஒன்று உண்டு.

துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருடம் பண்டிகை கிடையாது. தெரு முழுக்க வெடிச் சத்தம் கேட்கும், அந்த வீட்டில் மட்டும் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சிக்கு இது தெரியும். எல்லோரிடமும் 'தீபாவளி பலகாரம் ஆச்சாம்மா?' என்று கேட்பவர், அந்த வீட்டம்மா வரும்போது மட்டும் பேசாமல் சாமானைக் கட்டிக் கொடுப்பார். அப்படிக் கேட்காமல் விடுவதுதான் உறவு. அதே அம்மாவின் வீட்டில், செத்துப்போனவரின் செல்போனுக்கு அவர் பெயரையே போட்டுச் செய்தி வருகிறது: 'நீங்களும் குடும்பத்தாரும் பல்லாண்டு வாழ்க'. அந்தப் போனைப் பிள்ளைகள் சார்ஜ் போட்டு வைத்திருப்பதே அவருடைய வங்கிக் கணக்கை முடிக்க ஓ.டி.பி. வரும் என்பதற்காகத்தான். இறப்புச் சான்றிதழ் வாங்கிக்கொண்ட அதே வங்கியின் இன்னொரு கம்ப்யூட்டருக்கு அவர் செத்தது தெரிவதில்லை. தெரிந்துகொள்ளக் கொஞ்சம் செலவாகும், வாழ்த்து அனுப்பக் கிட்டத்தட்ட செலவே இல்லை. மரியாதைக்கு ஒரு பதில் போடவும் வழியில்லை. அனுப்பிய முகவரிக்குப் பதில் போகாது. 'உங்களுக்கும்' என்றுகூடச் சொல்ல முடியாத ஒன்றுக்கு வாழ்த்து என்று பெயர்.

நம்மூர் போஸ்டர்களில் 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்' என்று போடுவார்கள். அரசியல்வாதிக்கு இருக்கும் அந்தக் கூச்சம்கூட, ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகாத ஆப் ஒன்றுக்கு எண்பது வயதுப் பாட்டியை வாழ்த்தும்போது வருவதில்லை.

'சிவகாசி அச்சகத்துக்காரர் வயிற்றில் அடிக்கிறாயா?' என்று ஒரு கேள்வி வரும். அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பது இந்த இலவசச் செய்திகள்தான். 2020 செப்டம்பரில் மத்திய நிதி அமைச்சகமே, துறைகளும் பொதுத்துறை வங்கிகளும் காலண்டர், டைரி, வாழ்த்து அட்டை எதையும் அச்சடிக்க வேண்டாம், டிஜிட்டலுக்குப் போங்கள் என்று உத்தரவு போட்டது. தினசரி காலண்டராவது பரவாயில்லை. கடை பெயர் பெரிதாக இருந்தாலும் ராகுகாலம் பார்க்கலாம், பால் கணக்கு எழுதலாம், வருடம் முழுக்கச் சுவரில் தொங்கும். கொடுப்பவருக்கு விளம்பரம், வாங்குபவருக்கு உபயோகம். நேர்மையான வியாபாரம், அதில் யாரும் அன்பு என்று பேசவில்லை.

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. கஸ்டமருக்கு அனுப்பும் வாழ்த்தின் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவார்கள்? விளம்பரம், இல்லாவிட்டால் விற்பனை மேம்பாடு. இருபது வருட அனுபவமுள்ள ஆடிட்டரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். ஆடிட்டரிடம் விளம்பரம் என்று ஒப்புக்கொள்கிற கம்பெனி கஸ்டமரிடமும் அதையே சொல்லலாமே! 'தீபாவளிக்குத் தள்ளுபடி இருக்கிறது, வாங்க' என்றால் யாருக்கும் கோபம் வராது.

வாழ்த்தித்தான் தீருவோம் என்பவர்கள் பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால் மூன்று வேலை செய்யட்டும். தர வேண்டிய ரீஃபண்டைத் தரட்டும். பதில் போடாத புகார்களுக்குப் பதில் போடட்டும். பட்டியலில் இருந்து இறந்தவர்கள் பெயரை எடுக்கட்டும். அதற்கு ஆள் பத்தவில்லை என்றால், வாழ்த்து எழுத ஒதுக்கிய ஆளை அந்த வேலைக்கு அனுப்பலாம்.