முதலில் படுக்கைக் கோட்டைப் போடு!

கொஞ்சம் திட்டப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேரன் பத்தாம் வகுப்பு. கணக்கில் புலி என்று வீட்டில் பெருமை. நேற்று மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன்: "நம் கண் தரையிலிருந்து 12 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள். தெருவில் நிற்கிற லாரியின் இறக்கக் கோணம் 30 டிகிரி. லாரி எவ்வளவு தூரம்?"

யோசிக்கவே இல்லை. "30 வந்தா ரூட் 3 ஆல பெருக்கணும் தாத்தா. 12 ரூட் 3."

சரியான விடை. சுமார் 20.8 மீட்டர். "அந்த 30 டிகிரி எங்கே இருக்கு, காட்டு" என்றேன். சுவரை ஒட்டிக் கீழே காட்டினான்! அவன் காட்டிய கோணம் 30 என்றால் லாரி 6.9 மீட்டரில், எங்கள் முற்றத்துக்குள் நிற்க வேண்டும். கோணத்தை 40 ஆக்கினேன். வாயடைத்துப் போனான்.

"பரீட்சையில் 30, 45, 60 தானே சார் வருது, மார்க் வந்தால் போதாதா?" என்பீர்கள். போதாது. 1802-ல் பரங்கிமலை அருகே ஒரு கோட்டை அளந்து லாம்டன் தொடங்கிய நில அளவை, கோணங்களை நம்பித்தான் இமயம் வரை போனது. கோணத்தை எங்கிருந்து அளப்பது என்றே தெரியாதவர்கள் செய்கிற வேலையா அது?

டியூஷன்காரர்களை மட்டும் குறை சொல்லவில்லை. கடைசி பெஞ்சைப் பாஸாக்க இதே குறுக்குவழியை நானும் கரும்பலகையில் எழுதியவன்தான். அன்று என்னிடம் படித்தவர்களில் சிலர் இன்று கணக்கு ஆசிரியர்கள். அதுதான் உறுத்துகிறது. நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

கண்ணிலிருந்து தரைக்கு இணையாக ஒரு புள்ளிக்கோடு போடச் சொல்லுங்கள். கோணம் அதிலிருந்து கீழே இறங்கட்டும். ஒன்றுவிட்ட கோணம் என்பதால் லாரியிடமும் அதே கோணம்தான். அங்கிருந்து பார்த்தால் உயரம் எதிர்ப்பக்கம், தூரம் அடுத்துள்ள பக்கம். உயரத்தை டேன் மதிப்பால் வகுத்தால் தூரம். டேன் 40-க்கு அட்டவணையில் 0.8391, விடை 14.3 மீட்டர். எந்தக் கோணம் வந்தாலும் இது ஒன்றே போதும்.

கோணமானியின் நடுப்புள்ளியில் நூல் கட்டி, நுனியில் ஒரு கல் தொங்கவிடுங்கள். வளைவு கீழே இருக்கட்டும். நேர் விளிம்பு வழியே லாரியைப் பார்க்கும்போது நூல் 90-ஐ விட்டு எத்தனை டிகிரி விலகுகிறதோ, அதுவே இறக்கக் கோணம். ஐந்து ரூபாய் செலவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை மாடிக்கு ஏற்றுங்கள். கை எந்தப் பக்கம் போனது என்று கமெண்டில் எழுதுங்கள். காத்திருக்கிறேன்.