முதல் ஏட்டய்யா

முழங்கால் வலி, இரண்டு வாரமாக ஆழ்வார்பேட்டை வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. அதனால் பதிவு கொஞ்சம் நீளம்.

போன ஞாயிறு பழைய மாணவன் ஒருவன் வந்தான். காவலராக இருக்கிறான். காபி குடித்துக்கொண்டே, "டீச்சர், பயிற்சியில சட்டமெல்லாம் சொல்லிக்கொடுத்தாங்க. ஸ்டேஷனுக்குப் போன முதல் நாளே ஏட்டய்யா, 'அதெல்லாம் பரீட்சைக்கு. இனிமே நான் சொல்றதக் கேளு'ன்னுட்டார்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2020 ஜூனில் சாத்தான்குளம் ஜெயராஜ், பென்னிக்ஸ். 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், அதுவும் ஒரு நகைப் புகாருக்காக. கைது செய்தால் சாட்சியோடு குறிப்பு எழுத வேண்டும், உறவினருக்குச் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. ஊனமாஞ்சேரியில் பெரிய போலீஸ் அகாடமியும் இருக்கிறது. பாடம் இல்லாமல் இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் பயிற்சியில் நான் பாடம் நடத்தும்போது விரிவுரையாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். "அந்தப் பையனை ஏன் நிற்க வைத்தாய்?" என்று பிறகு கேட்பார். வேலையில் சேர்ந்த பிறகு கடைசி பெஞ்சில் யாரும் இல்லை. மூத்த ஆசிரியை ஒருவர், "முதல்ல மேசைமேல பிரம்பை வை" என்றார். வைத்தேன். அடித்தேன். என்னிடம் அடி வாங்கியவர்கள் இதைப் படிக்கிறீர்கள், மன்னியுங்கள்.

2009 கல்வி உரிமைச் சட்டம் அடிக்கக் கூடாது என்றது. பிரம்பு போனது. ஆனால் கத்துகிற ஐம்பது பிள்ளைகளை என்ன செய்வது என்று சட்டம் சொல்லவில்லை. பக்கத்து வகுப்பில் என்னைவிடப் பதினைந்து வயது இளையவள் குரலே உயர்த்தாமல் நடத்துவதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

காவலருக்கும் அதைத்தான் கேட்கிறேன். போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது 1872 சாட்சியச் சட்டத்திலிருந்தே உண்டு. ஆனால் அதை வைத்துப் பொருளைக் கண்டெடுத்தால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். கை நீளுவது அங்கேதான். இங்கிலாந்தில் 1990-களின் தொடக்கத்தில், அடித்தோ மிரட்டியோ ஒப்புக்கொள்ள வைப்பதை விட்டு, பேசவிட்டுத் தகவல் சேர்க்கும் விசாரணை முறையைத் தனிப் பயிற்சியாகவே கொண்டுவந்தார்கள். நம் பிள்ளைகளுக்கும் அதை நடித்துப் பழக்குங்கள். தேர்ந்தெடுத்த ஏட்டய்யாக்களிடம் மட்டும் முதல் வருடம் அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி பயிற்சிப் பள்ளிக்குக் கூப்பிட்டு, பார்த்ததைப் பயமில்லாமல் சொல்ல விடுங்கள். ஓய்வில்லாத டியூட்டியும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் சாத்தான்குளத்தில் நடந்ததை நீதித்துறை நடுவரிடம் சொன்ன தலைமைக் காவலர் ரேவதியும் அதே நிலையத்தில்தான் டியூட்டி பார்த்தார்.

காவல்துறையில் இருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் முதல் ஏட்டய்யா எப்படிப்பட்டவர் என்று கீழே எழுதுங்கள். நல்லவர் என்றால் பெயரோடு எழுதுங்கள். இல்லையென்றால் பெயர் வேண்டாம்.