மறுப்பைப் பயம் என்று மொழிபெயர்க்காதீர்

திருமணம் வேண்டாம் என்று ஒருத்தி சொன்னால், நம் காதல் நகைச்சுவைப் படங்கள் அவளுடைய காரணத்தைக் கேட்பதில்லை. அவளுக்குள் ஒரு நோயைத் தேடுகின்றன. ‘கல்யாண பயம்’ என்று பெயரிட்டதும் விவாதம் முடிந்துவிடுகிறது. காரணத்துக்கு மறுமொழி சொல்லியாக வேண்டும். பயத்தைத் தெளிவித்தால் போதும்.

மணிரத்னத்தின் ‘ஓ காதல் கண்மணி’யை (2015) துணிச்சலான படம் என்று இன்றும் பாராட்டுவோர் உண்டு. ஆதியும் தாராவும் மும்பையில் மணமாகாமலே சேர்ந்து வாழ்கிறார்கள். தாரா தன் பெற்றோரின் மணமுறிவைக் கண்டவள். அவளுடைய மறுப்பு கண்டறிந்த முடிவு. படமோ அதனை ஆற்றவேண்டிய காயமாக மாற்றுகிறது. நினைவிழந்துவரும் பவானியைக் கணவர் கணபதி பேணுவதே மருந்து. அக்காட்சிகள் நெகிழ்விப்பவைதாம். ஆனால் அவை நிறுவுவது அன்பை, திருமணத்தை அன்று. அந்தப் பரிவு தாலியிலிருந்து பிறந்தது என்பதற்குப் படத்தில் சான்று எங்கே? தாரா பாரிஸ் கனவை இழக்கவில்லையே என்பர். உண்மை. ஆயினும் அவளுடைய கேள்வி விடைபெறாமலே மணமேடை ஏறுகிறது.

மொழியைக் கவனியுங்கள். ஆண் ‘மணம் முடிக்கிறான்’. பெண்ணைக் ‘கட்டிக்கொடுக்கிறார்கள்’, அவள் ‘வாழ்க்கைப்படுகிறாள்’. ‘ஆசைப்படு’ என்பதும் உண்டாகையால், ‘படு’ துயரத்தையே குறிக்கும் என்று நான் வாதிடவில்லை. செய்பவரை அன்று, தம்மேல் நிகழப்பெறுபவரையே அது பெரிதும் சுட்டுகிறது. அவன் அவளுக்கு வாழ்க்கைப்பட்டான் என்று எவரும் சொல்வதில்லை. தான் எழுவாயாக இல்லாத வாக்கியத்தை ஏற்க மறுப்பவளை, ‘பயப்படுகிறாள்’ என்று இன்னொரு ‘படு’வுக்குள் அடைக்கிறோம்.

இது பெருநகரத்து நாகரிகம் என்பார்க்கு, நான் வாழும் கொல்லங்கோடு மறுமொழி தரும். சென்னை மாகாணத்து மலபாரைச் சேர்ந்த இந்நிலத்தில், மருமக்கள்தாய நாயர் குடும்பங்களின் ‘சம்பந்தம்’ நீதிமன்றம் ஏறாமலே முறியக்கூடியதாக இருந்தது. 1896-இன் மலபார் திருமணச் சட்டம் அதனைப் பதிவுசெய்ய வழிவகுத்தபோது, முன்வந்தோர் மிகச் சிலரே. பதியாத அத்தனை பேருக்கும் கல்யாண பயமா? அம்முறையைப் பொற்காலமாக்கவும் நான் ஒருப்படேன். அங்கும் காரணவரின் சொல் பெண்ணின் விருப்பத்தை நசுக்கியதுண்டு. விருப்பமில்லாச் சம்பந்தத்தை மறுக்கும் பெண்ணையே சந்துமேனோன் 1889-இல் ‘இந்துலேகா’வின் நாயகியாக்கினார். அந்நாவல் அவளுடைய மறுப்பை அறிவாகவே நடத்தியது, மருந்து தேடவில்லை.

நூற்றிருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின்வந்த திரைப்படத்திடம் அதையாவது எதிர்பார்க்கலாகாதா? திரை ஆய்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘பயம்’ என்று எழுதும் இடத்தில் ‘மறுப்பு’ என்று எழுதிப் பாருங்கள். பிறகு, அந்த மறுப்புக்குப் படம் என்ன விடை சொன்னது என்று கேளுங்கள்.