கூட்டுச் சேர்ந்தால் தொழிலும் கற்கலாம்!

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊருக்கே கொண்டாட்டம். கட்டிடம் கட்டுகிறவருக்கு மட்டும் திண்டாட்டம்! ஆனியில் தொடங்கும் சாரல் ஆவணி வரை நனைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை வேறு.

ஈர மணல் பொல்லாதது. ஆற்று மணலானாலும் சரி, எம்-சாண்ட் ஆனாலும் சரி, பெட்டியில் அளந்தால் உப்பிக் காட்டும். உள்ளே மணல் குறைவு, தண்ணீர் அதிகம். அதன்மேல் வழக்கம்போல் தண்ணீர் ஊற்றினால் கலவை நீர்த்துப் போகும். கான்கிரீட் பலம் இழக்கும். தென்காசிக் கொத்தனார் மணலைக் கையில் பிடித்துப் பார்த்தே தண்ணீரைக் குறைப்பார். வெளியூரிலிருந்து வரும் பெரிய கம்பெனிக்கு இந்த வட்டாரத்துச் சாரல் பிடிபட நாளாகும்.

அந்தக் கம்பெனியிடம் வேறொரு வித்தை இருக்கிறது. கலவையை 15 சென்டிமீட்டர் கட்டிகளாக வார்க்கிறார்கள். தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். 7ம் நாளும், 28ம் நாளும் இயந்திரத்தில் வைத்து நசுக்குகிறார்கள். எவ்வளவு பளு தாங்கும் என்பது கணக்காகத் தெரிந்துவிடும். கைப்பக்குவம் எவ்வளவு இருந்தாலும் அந்தக் கணக்கைச் சொல்லாது.

இரண்டு வித்தையும் ஓரிடத்தில் சேர்ந்தால் இருவருக்கும் லாபம். அந்தத் தளத்தின் கீழே படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு அதைவிட லாபம்.

சென்னையில் நடந்தது

சென்னை மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்ட, ஆப்கான்ஸ் என்ற இந்தியக் கம்பெனி ரஷியாவின் டிரான்ஸ்டன்னல்ஸ்ட்ராயுடன் கூட்டுச் சேர்ந்தது. அதே கூட்டு கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலும் தோண்டியது. 2024ல் அங்கே ரயில் ஓடத் தொடங்கியது.

எல்லாக் கூட்டும் அப்படி முடியவில்லை. அண்ணா சாலைக்கு அடியில் தோண்ட வந்த வேறொரு இந்திய-ரஷியக் கூட்டு பாதியில் நின்றது. 2015ல் ஒப்பந்தம் ரத்தாயிற்று. மிச்சத்தை ஆப்கான்ஸும் எல் அண்டு டியும் முடித்தன. கூட்டாளி போன பிறகும் வேலை தெரிந்த கை உள்ளே இருக்க வேண்டாமா?

தென்காசி 2019ல் தனி மாவட்டம் ஆனது. இங்கே பெரிய கட்டிடங்கள் எழும்பும்போது, உள்ளூர் காண்டிராக்டர் ஆள் அனுப்புவதோடு நின்றுவிடக் கூடாது. பணக் கணக்கோடு இதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்ல வேண்டும்: எங்கள் கொத்தனார் உங்கள் சோதனைக் கூடத்தில் இத்தனை நாள் நிற்பார், உங்கள் என்ஜினீயர் எங்கள் கலவை இடத்தில் இத்தனை நாள் நிற்பார்.

"அது தொழில் ரகசியம்" என்று பெரிய கம்பெனி முகம் சுளிக்கலாம். நனைந்த மணல் விஷயத்தில் கொத்தனாரும் ரகசியம் காத்தால் என்ன ஆகும் என்று திருப்பிக் கேட்கலாம்!