நெல்லைக்கு இரவில் ஒரு பாசஞ்சர் விடுங்கள்

தெற்கு ரயில்வே பொது மேலாளர் அவர்களுக்கும் மதுரைக் கோட்ட மேலாளர் அவர்களுக்கும், ஐந்தருவிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

குற்றாலத்துக்குக் காரில் வருகிறவர்களைப் பற்றி நான் பேச வரவில்லை. திருநெல்வேலி–செங்கோட்டை பாசஞ்சரில் வந்து தென்காசியில் இறங்குகிறவர்களைப் பற்றித்தான் இந்த மடல்.

சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி, கீழக்கடையம், பாவூர்சத்திரம் என்று ஊர் ஊராக நின்று வருகிற வண்டி அது. மீட்டர்கேஜ் காலத்திலிருந்து எங்களைச் சுமக்கிறது. 2012-இல் அகலப்பாதை வந்தது, பிறகு மின்சாரமும் வந்தது. கொரோனாவில் நின்றுபோன பாசஞ்சர்கள் எக்ஸ்பிரஸ் கட்டணத்தோடு திரும்பியபோது, அடுத்த ஊருக்குப் போகவும் குறைந்தது 30 ரூபாய் கொடுத்தோம். 2024 பிப்ரவரியில் அதைப் பழையபடி 10 ரூபாய் ஆக்கினீர்கள். அதற்கு நன்றி. கூலிக்காரர் குடும்பத்தோடு அருவிக்கு வர முடிவது அந்தக் குறைந்த கட்டணத்தால்தான்.

வந்துவிடுகிறார்கள், திரும்புவதுதான் பாடு. ஐந்தருவியில் தண்ணீர் கூடினால் குளிக்கத் தடை போடுவார்கள். தணிந்து அனுமதி கிடைக்கச் சாயங்காலமாகிவிடுகிற நாட்கள் உண்டு. ஈரத்துண்டைத் தோளில் போட்டு, தூங்கும் பிள்ளையை இடுப்பில் ஏந்தித் தென்காசி ஜங்ஷனுக்கு ஓடிவந்தால் மாலை பாசஞ்சர் போயிருக்கும். அதற்குமேல் நெல்லைக்குப் பாசஞ்சர் கிடையாது. பஸ் இருக்கிறது, உண்மைதான். சீசன் ஞாயிறன்று அதில் படியில் கால் வைக்க இடம் கிடைத்தால் பெரிது.

சீசன் மூன்று மாதம். இரவில் ஒரு வண்டி விட்டால் மீதி ஒன்பது மாதமும் அதற்கு ஆள் உண்டு. 2019-இல் தென்காசி தனி மாவட்டமானது; ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு வருகிறவர்களும், இங்கே ஜவுளிக்கடைகளில் நிற்கிற பெண்களும் பெருகிவிட்டார்கள். கடை அடைத்துக் கணக்கு முடிய இரவாகிவிடும். கடையத்துக்கும் அம்பைக்கும் போகவேண்டிய பெண்பிள்ளைகள் அந்நேரத்தில் சாலையோரம் பஸ்ஸுக்குக் காத்து நிற்பதை வந்து பாருங்கள். வீட்டிலிருந்து போன்மேல் போன் வந்துகொண்டிருக்கும்.

ஒற்றைத் தடம், கிராசிங் கிடைக்காது என்று உங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். தடத்தின் நெருக்கடி எங்களுக்கும் தெரியும். சென்னைக்கும் கேரளத்துக்கும் போகிற எக்ஸ்பிரஸ்களை வரவேற்றவர்கள்தான் நாங்கள். ஆனால் புதிய வண்டிக்கு அட்டவணையில் இடம் கண்டுபிடிக்கிற திறமையில் கொஞ்சம் இந்தப் பாதையின் சிறிய ஸ்டேஷன்களுக்கும் செலவாகட்டும். இங்கே ஏறுகிறவர் முன்பதிவு செய்வதில்லை, உங்கள் காத்திருப்போர் பட்டியலில் அவர் பெயர் இராது. அதனாலேயே தேவை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். செங்கோட்டையிலிருந்து இரவு ஒன்பது, ஒன்பதரை வாக்கில் நெல்லைக்கு ஒரு பாசஞ்சர். எல்லா ஊரிலும் நிற்க வேண்டும், அதே பாசஞ்சர் கட்டணம். முதலில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சோதனையாக ஓட்டுங்கள். கூட்டத்தைப் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குங்கள். வருகிற சாரல் சீசனுக்கு முன்பே உத்தரவு போடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஐந்தருவிச் சாலைவாசி ஒருவன்