காபிக்கும் ஓர் எல்லை வேண்டும்

போன மாதம் பெங்களூரில், அங்கேயே பீர் காய்ச்சி விற்கும் ஒரு கடையில், காபியும் வெனிலாவும் சேர்த்த ஸ்டவுட் குடித்துப் பார்த்தேன். டிகாக்‌ஷன் நிறம், மேலே பழுப்பு நுரை. முதல் வாய் ஐஸ்கிரீம். இரண்டாவது வாய் ஆறிப்போன காபி. பீரைத் தேடவேண்டியிருந்தது.

ஸ்டவுட்டுக்குக் காபி எதற்கு? பார்லியைக் கருக வறுத்தாலே அந்தக் கசப்பு வந்துவிடும். இலங்கையின் லயன் ஸ்டவுட்டில் வரும் காபி வாசனை வறுத்த தானியம் தருவதுதான்.

வெனிலா? 1874இலேயே ஜெர்மானியர்கள் வெனிலினை ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். இன்று உலகில் வெனிலா மணம் பெரும்பாலும் அதுவே. "இது காயா, ரசாயனமா?" என்றேன். பரிமாறிய பையன் சிரித்தான்.

மளிகைக் கடைக் காபிப் பொட்டலத்தில் சிக்கரி எவ்வளவு என்று அச்சடித்தே ஆகவேண்டும். காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. இந்தக் கண்ணாடித் தம்ளருக்கு மட்டும் சட்டம் கிடையாதா?

"ருசி அவரவர் விருப்பம்" என்பீர்கள். சரி. ஆனால் இனிப்பு மதுவின் காரத்தை மறைக்கும்; காஃபின் போதை ஏறியதையே மறைக்கும். 2010இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., காஃபினைத் தனியாகச் சேர்த்து மதுபானம் விற்ற நான்கு கம்பெனிகளை எச்சரித்தது இதனால்தான். காபி ஸ்டவுட்டில் காஃபின் குறைவாக இருக்கலாம்; எவ்வளவு என்று சொன்னால்தானே தெரியும்? பிரஷர் மாத்திரை போடும் நமக்கும், முதல் தம்ளர் தூக்கும் பேரன்களுக்கும் இது விளையாட்டல்ல.

ஆல்கஹால் எவ்வளவு, காஃபின் எவ்வளவு, வெனிலா எந்த வகை என மூன்றையும் பலகையில் எழுதி வைக்கட்டும். போராடி 1960இல் தமிழகத்தோடு சேர்ந்த திருத்தணிக்காரன் சொல்கிறேன்: எல்லையைக் கேட்டுத்தான் வாங்கவேண்டும்.